மாறி (வேரியபிள்) இருக்கிறதா? பிஎச்பி நிரலில் சோதனையைக் குறைத்து, சரியாகச் செய்யும் வழி

மாணவர் சேர்க்கைக்கான விண்ணப்பங்களை வாங்கும், பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு பயன்பாட்டை நானும் என் குழுவும் பராமரித்து வருகிறோம். பெயர், தலைப்பெழுத்து, பெற்றோர் விவரம், மதிப்பெண், சான்றிதழ் ஸ்கேன் என்று நீளமான ஃபார்ம். புதிதாகச் சேரும் பிள்ளைகள் எழுதும் நிரலைப் படித்துக் குறிப்பு எழுதுவது என் வேலைகளில் ஒன்று. அதில் அதிகமாகக் குறிப்பு எழுத வேண்டியிருக்கும் இடம், ஒரு மாறி, அதாவது மதிப்பைத் தாங்கும் பெயர், இருக்கிறதா இல்லையா என்று சோதிக்கும் வரிதான். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் நிரப்பிய விவரம் காணாமல் போவது, பக்கம் திறக்க நேரமாவது, லாக் ஃபைல் வீங்குவது என்று பல தொல்லைகள் அந்த வரியில்தான் தொடங்குகின்றன.

நான் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்; அதை வாசலில், அதாவது வெளி விவரம் நிரலுக்குள் நுழையும் இடத்தில், ஒரே ஒரு முறை கேளுங்கள். உள்ளே இருக்கும் நிரல் அதே கேள்வியை மறுபடி கேட்கக் கூடாது. வேகமும் சரியான விடையும் இந்த ஒரு பழக்கத்திலிருந்தே வரும்.

கீழே வரும் வரிகளில் மாறிகளுக்கும் கீகளுக்கும் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். பிஎச்பி இதை அப்படியே ஏற்கும், ஃபைல் யூடிஎஃப்-8 ஆக இருந்தால் போதும். ஃபங்ஷன் பெயர்களில் அடிக்கோடு வரும் இடங்களில் மட்டும் சிறுகோடு போட்டிருக்கிறேன். $உள்ளீடு என்பது ஃபார்மை அனுப்பும் போஸ்ட் முறை வழியாக வந்து சேர்ந்த மொத்த அரே, அதாவது கீ என்ற பெயரும் அதற்கான மதிப்பும் சேர்ந்த பட்டியல்.

கேட்பது எந்தக் கேள்வி?

ஒரு விவரம் "இல்லை" என்றால் அது நான்கு நிலைகளில் ஒன்றாக இருக்கலாம். கீயே வரவில்லை. கீ வந்தது, மதிப்பு 'நல்' (null, மதிப்பில்லை என்பதைக் குறிக்கும் தனி மதிப்பு). கீ வந்தது, மதிப்பு காலிச் சரம், அதாவது ஒரு எழுத்தும் இல்லாத ஸ்ட்ரிங். கீ வந்தது, மதிப்பும் வந்தது, ஆனால் அது பூஜ்யம். நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எந்த ஃபங்ஷனைப் போட்டாலும் தப்பாகத்தான் முடியும்.

எந்த நிலை எங்கிருந்து வரும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பிரௌசரில் எழுத்துப் பெட்டியைத் தொடாமலே விட்டாலும் அது காலிச் சரமாக வந்து சேரும். ஆகவே தலைப்பெழுத்துப் பெட்டியைப் பொறுத்தவரை "கீ இருக்கிறதா" என்ற சோதனை எதையும் சொல்லாது, எப்போதும் இருக்கும். டிக் செய்யாத செக்பாக்ஸ் அப்படி இல்லை, வரவே வராது. எதையும் தேர்வு செய்யாத ரேடியோ குழுவும் வராது. டிஸேபிள் செய்த பெட்டி வராது, ரீட்-ஒன்லி பெட்டி வரும். இந்தக் கடைசி வேறுபாடு தெரியாமல் "சர்வரில் ஏதோ பிரச்சினை" என்று மாலை வரைக்கும் தேடுகிறவர்கள் உண்டு. 'நல்' என்பது சாதாரண ஃபார்மிலிருந்து வராது. ஜேசன் (பயன்பாடுகள் விவரம் பரிமாறும் எழுத்து வடிவம்) வழியாகவோ டேட்டாபேஸிலிருந்தோதான் வரும்.

எங்கள் ஃபார்மில் "விடுதி வேண்டும்" என்று ஒரு செக்பாக்ஸ் உண்டு. புதிய விண்ணப்பத்தில் அது வராவிட்டால் "வேண்டாம்" என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் திருத்தும் பக்கத்தில், சில பகுதிகளை மட்டும் அனுப்பும்போது, வராததற்கு "வேண்டாம்" என்றும் பொருள் கொள்ளலாம், "அந்தப் பகுதியைத் தொடவில்லை" என்றும் கொள்ளலாம். இதற்குப் பழைய, நம்பகமான தந்திரம் ஒன்று இருக்கிறது. செக்பாக்ஸுக்கு முன்னால் அதே பெயரில் பூஜ்யம் மதிப்புள்ள ஹிடன் பெட்டி ஒன்றை வையுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பிஎச்பி கடைசியில் வந்ததை எடுத்துக்கொள்ளும். டிக் செய்தால் ஒன்று, செய்யாவிட்டால் பூஜ்யம், அந்தப் பகுதியே வராவிட்டால் கீ இல்லை. மூன்று நிலைகளும் தெளிவாகப் பிரிந்துவிடும்.

இஸ்செட்டும் இரட்டைக் கேள்விக்குறியும்

மாறி இருக்கிறதா என்று கேட்கும் இஸ்செட் (isset) சாதாரண ஃபங்ஷன் இல்லை, மொழியின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. அதனால்தான் இல்லாத மாறியை அதற்குள் வைத்தாலும் வார்னிங் வருவதில்லை, ஃபங்ஷனை அழைக்கும் செலவும் இல்லை. மாறி இருந்து, மதிப்பு 'நல்' அல்லாமல் இருந்தால் மட்டுமே உண்மை என்று சொல்லும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

பலர் அடுக்கடுக்காக எழுதுகிறார்கள்: பெற்றோர் இருக்கிறதா, அதற்குள் தாய் இருக்கிறதா, அதற்குள் கைபேசி இருக்கிறதா என்று மூன்று இஸ்செட். தேவையே இல்லை. முழுப் பாதையையும் ஒரே இஸ்செட்டுக்குள் கொடுத்தால் எந்த அடுக்கு இல்லாவிட்டாலும் சத்தமில்லாமல் பொய் என்று திரும்பும். வெவ்வேறு மாறிகளையும் கமா போட்டு ஒரே அழைப்பில் கொடுக்கலாம். இடமிருந்து வலமாகப் பார்த்து, முதலில் இல்லாதது கிடைத்ததும் நின்றுவிடும்.

சோதித்துவிட்டு அதே மதிப்பை எடுக்கவும் போகிறீர்கள் என்றால் இஸ்செட்டையே விட்டுவிடுங்கள். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0-இலிருந்து இரட்டைக் கேள்விக்குறி இருக்கிறது:

$கைபேசி = $உள்ளீடு['பெற்றோர்']['தாய்']['கைபேசி'] ?? '';

பழைய முறையில் இஸ்செட்டும் முக்கூற்று நிபந்தனையும் (? :) சேர்த்து எழுதினால் அதே பாதையை இரண்டு முறை நடக்க வேண்டும். இங்கே ஒரு முறைதான். எழுதும்போது கீயின் பெயரை இரண்டு இடத்தில் தட்டி, ஒன்றில் எழுத்துப்பிழை விடும் ஆபத்தும் இல்லை. எனக்கு வேகத்தைவிட இதுதான் பெரிய லாபம்.

ஒரு எச்சரிக்கை. இதைச் சரங்களோடு சேர்த்து எழுதும்போது அடைப்புக்குறி கட்டாயம்:

$வரவேற்பு = 'வணக்கம், ' . ($பெயர் ?? 'நண்பரே');

அடைப்புக்குறி இல்லாவிட்டால் புள்ளி முதலில் வேலை செய்துவிடும். "வணக்கம்" என்பதோடு பெயரை ஒட்டிய பிறகு, அந்த ஒட்டிய சரம் 'நல்'-ஆ என்று கேட்கும். அது ஒருநாளும் 'நல்' ஆகாது. பெயர் இல்லாவிட்டால் வார்னிங்கும் வரும், "நண்பரே" என்பதும் வராது. கண்ணுக்குச் சரியாகத் தெரியும் வரி என்பதால் இதைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம்.

இல்லாத இடத்தில் மட்டும் மதிப்பு வைக்க, 7.4-இல் வந்த சுருக்கம் உதவும்:

$அமைப்பு['மொழி'] ??= 'தமிழ்';

வலப்பக்கம் இருப்பது தேவைப்பட்டால்தான் இயங்கும். அங்கே கனமான கணக்கு இருந்தாலும் கவலை இல்லை. அரே வருமா என்று தெரியாத இடத்தில் சுற்று ஓட்டும்போதும் ($பாடங்கள் ?? []) என்று கொடுத்துவிட்டால் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை.

அட்-குறியை எடுத்துவிடுங்கள்

பழைய நிரலைத் திறந்தால் மாறிக்கு முன்னால் @ போட்டு வார்னிங்கை அடக்கியிருப்பதைப் பார்க்கலாம். இதை நான் கண்ட இடத்தில் நீக்கச் சொல்கிறேன், விட்டுக்கொடுப்பதில்லை. @ வார்னிங்கைத் தடுப்பதில்லை. பிஎச்பி அந்த வார்னிங்கை முழுதாகத் தயாரிக்கிறது, காட்டாமல் மட்டும் விடுகிறது. வார்னிங் இல்லாமலே விடை தரும் ?? இருக்கும்போது அந்தச் செலவு எதற்கு? அதோடு, பயன்பாட்டில் சொந்தமாக எரர் ஹேண்ட்லர் வைத்திருந்தால் @ போட்டாலும் அது அழைக்கப்படும். ஹேண்ட்லர் கவனமாக எழுதப்படாவிட்டால் லாக் நிரம்பிக்கொண்டே போகும்.

இல்லாத மாறியைப் படிப்பதைப் பிஎச்பியே இப்போது கடுமையாகப் பார்க்கிறது. 2020 நவம்பரில் வந்த 8.0-இல், முன்பு வெறும் நோட்டீஸாக இருந்தது வார்னிங் ஆனது. அடுத்த பெரிய பதிப்பான 9-இல் வரையறுக்காத மாறியைப் படித்தாலே எரர் எறியும் என்று ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது. இப்போதே திருத்திக்கொள்வது நல்லது.

எம்ப்டி எங்கே காலை வாரும்

காலியா என்று கேட்கும் எம்ப்டியும் (empty) இல்லாத மாறிக்கு வார்னிங் தராது. அதனால் "இஸ்செட் ஆகவும் இருக்க வேண்டும், எம்ப்டி ஆகவும் இருக்கக் கூடாது" என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது வீண். இரண்டாவது சோதனையே முதலாவதையும் செய்துவிடுகிறது.

பிரச்சினை அதன் பட்டியலில் இருக்கிறது. 'நல்', பொய், காலிச் சரம், காலி அரே, எண் பூஜ்யம், இவற்றோடு '0' என்ற சரத்தையும் அது காலி என்றே சொல்லும். ஃபார்மில் வரும் எல்லாமே சரம்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஃபார்மில் "உடன்பிறந்தோர் எண்ணிக்கை" என்று ஒரு பெட்டி உண்டு. வீட்டில் ஒரே பிள்ளையாக இருப்பவர் 0 என்று சரியாகத்தான் நிரப்புவார். அந்த இடத்தில் எம்ப்டி போட்டால் "இந்த விவரத்தை நிரப்பவும்" என்று சிவப்பில் கேட்கும். அவர் மறுபடியும் 0 போடுவார், அது மறுபடியும் கேட்கும். கடைசித் தேதி நெருங்கும் நாளில், கைபேசியில், விட்டுவிட்டு வரும் இணைப்பில் உட்கார்ந்து நிரப்பும் ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். அவர் செய்த தப்பு ஒன்றும் இல்லை. நம் சோதனை தப்பு. இதனால்தான் நான் இந்த விஷயத்தில் கறாராக இருக்கிறேன்.

இன்னொரு பக்கம், '0.0' என்ற சரத்தையும், ஒரே ஒரு இடைவெளியையும் அது காலி இல்லை என்று சொல்லும். அதாவது ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டால் கட்டாயப் பெட்டியைத் தாண்டிவிடலாம். எனவே எழுத்துப் பெட்டிக்கு நான் சொல்லும் வழி: ?? போட்டு எடுங்கள், சரமாக இருக்கிறதா என்று பாருங்கள், ஓரத்து இடைவெளிகளை டிரிம் செய்யுங்கள், அப்புறம் காலிச் சரத்தோடு மூன்று சமக்குறி போட்டு ஒப்பிடுங்கள். எம்ப்டியை அரே காலியா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

'நல்' ஒரு விடையாக இருக்கும்போது

இஸ்செட்டும் ?? குறியும் "இல்லை" என்பதையும் "'நல்' இருக்கிறது" என்பதையும் ஒன்றாகப் பார்க்கும். பெரும்பாலும் நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் இரண்டு இடங்களில் இது பெரிய தவறாக முடியும்.

ஒன்று, ஜேசன் வழியாக ஒரு பதிவின் சில விவரங்களை மட்டும் மாற்றும் ஏபிஐ, அதாவது வேறு நிரல்கள் அழைக்கும் வழி. ஆர்எஃப்சி 7396 என்ற தரநிலை இதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது: கீ வராவிட்டால் பழைய மதிப்பு அப்படியே இருக்கட்டும், கீ வந்து மதிப்பு 'நல்' என்றால் அதை நீக்கிவிடு. பெற்றோர் தன் இரண்டாவது கைபேசி எண்ணை எடுத்துவிடச் சொல்லி 'நல்' அனுப்புகிறார். நீங்கள் இஸ்செட் போட்டிருந்தால் அது "வரவில்லை" என்று சொல்லும், எண் அப்படியே கிடக்கும். இங்கே அரே-கீ-எக்ஸிஸ்ட்ஸ்தான் சரி. மதிப்பு எதுவாக இருந்தாலும் கீ இருந்தால் உண்மை என்று சொல்லும்.

"அது மெதுவானது" என்று சொல்லி அதைத் தவிர்ப்பார்கள். 7.4-க்கு முன்னால் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது, சாதாரண ஃபங்ஷன் அழைப்பாக ஓடியது. 7.4-இலிருந்து அதற்கும் எஞ்சினுக்குள் தனிக் கட்டளை இருக்கிறது. நேம்ஸ்பேஸ் உள்ள ஃபைலில் பெயருக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் அந்த வசதி கிடைக்கும், அவ்வளவுதான். அதற்கு முன்னும்கூட அந்த வித்தியாசம் ஒரு பக்கத்தை மெதுவாக்கும் அளவுக்கு இருந்ததில்லை.

இரண்டாவது இடம், ஒருமுறை தேடியதை நினைவில் வைத்துக்கொள்ளும் அரே. மாணவர் எண்ணைக் கொடுத்தால் பதிவைத் தரும் ஃபங்ஷன் ஒன்று, கிடைத்ததை $நினைவு என்ற அரேயில் ??= போட்டு வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருக்கிற மாணவருக்கு நன்றாக வேலை செய்யும். இல்லாத எண்ணுக்கு டேட்டாபேஸ் 'நல்' தரும், அதுவும் அரேயில் சேரும். ஆனால் அடுத்த முறை ??= அதைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று மறுபடி டேட்டாபேஸுக்குப் போகும். நினைவில் வைத்தும் பயனில்லை. இங்கேயும் அரே-கீ-எக்ஸிஸ்ட்ஸ் போடுங்கள், அல்லது கிடைக்கவில்லை என்பதற்குப் பொய் என்ற மதிப்பைச் சேமியுங்கள்.

லாரவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. காலிச் சரமாக வந்த பெட்டிகளை அது இயல்பாகவே 'நல்' ஆக மாற்றிவிடும். ரிக்வெஸ்டிலிருந்து இன்புட் என்ற மெத்தடால் எடுத்து, இரண்டாவதாக ஒரு இயல்பு மதிப்பும் கொடுத்திருந்தால், பெட்டி காலியாக வந்தபோது அந்த இயல்பு மதிப்பு கிடைக்காது. கீ இருக்கிறதே, அதனால் 'நல்' தான் கிடைக்கும். ?? போட்டால் இயல்பு மதிப்பு வரும். ஹேஸ் என்பது கீ வந்ததா என்று மட்டும் பார்க்கும், ஃபில்டு என்பது உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். ஃபில்டு '0' என்பதை நிரம்பியதாகவே எடுத்துக்கொள்ளும் என்பது நிம்மதி.

வாசலில் ஒரே முறை

வீட்டுக்குள் நுழையும்போதே செருப்பைக் கழற்றிவிட்டால் ஒவ்வொரு அறையிலும் கழற்ற வேண்டியதில்லை. வெளியிலிருந்து வரும் விவரத்தையும் அப்படியே நடத்துங்கள். $உள்ளீடு அரேயை நேரடியாகத் தொடுவது ஒரே ஒரு ஃபங்ஷனாக இருக்கட்டும். அது ஒவ்வொரு விவரத்தையும் எடுத்து, வகையைச் சரிபார்த்து, 'விண்ணப்பம்' என்ற கிளாஸின் ஆப்ஜெக்டாகக் கொடுக்கட்டும். அந்தக் கிளாஸின் ஒவ்வொரு பண்புக்கும் வகை எழுதுங்கள். எண்ணிக்கை முழு எண், பெயர் சரம், இரண்டாவது கைபேசி சரம் அல்லது 'நல்'. 7.4-இலிருந்து பண்புகளுக்கு வகை கொடுக்கலாம், 8.1-இலிருந்து ரீட்-ஒன்லி என்றும் குறிக்கலாம். அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் எந்த ஃபங்ஷனிலும் "பெயர் இருக்கிறதா" என்ற கேள்வியே எழாது. எங்கள் பயன்பாட்டில் இப்படி மாற்றிய பகுதிகளில் இஸ்செட் கிட்டத்தட்ட மறைந்தே போனது.

வாசலில் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

இருக்கிறது என்பதால் சரமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். யாராவது பெட்டியின் பெயருக்குப் பின்னால் [] சேர்த்து அனுப்பினால் $உள்ளீடு['பெயர்'] அரேயாக வந்துவிடும். இஸ்செட் உண்மை என்று சொல்லும். அடுத்த வரியில் டிரிம் அந்த அரேயைப் பார்த்து, பிஎச்பி 8-இல் டைப்-எரர் எறியும், பக்கம் 500 என்ற சர்வர் பிழையைக் காட்டும். சரமா என்ற சோதனை இந்தத் தொல்லையை அடைத்துவிடும்.

பெட்டியின் பெயரில் இடைவெளியோ புள்ளியோ இருந்தால் பிஎச்பி அதை அடிக்கோடாக மாற்றிவிடும். 'தந்தை பெயர்' என்று பெயர் வைத்துவிட்டு அதே கீயைத் தேடினால் கிடைக்காது, 'தந்தை_பெயர்' என்றுதான் இருக்கும்.

எல்லாமே காணாமல் போகும் நிலை ஒன்று உண்டு. எங்களுக்கு வரும் புகார்களில் இதுதான் மிகவும் மனதை வருத்துவது. மாணவர் எல்லாவற்றையும் நிரப்பி, கைபேசியில் எடுத்த பெரிய சான்றிதழ்ப் படங்களைச் சேர்த்து அனுப்புவார். போஸ்ட்-மேக்ஸ்-சைஸ் என்ற அமைப்பின் அளவை அது தாண்டினால் பிஎச்பி போஸ்ட் அரே, ஃபைல்ஸ் அரே இரண்டையும் காலியாகவே கொடுக்கும். இயல்பான அளவு 8 எம்பி மட்டுமே. நம் நிரல் "பெயரை நிரப்பவும், மதிப்பெண்ணை நிரப்பவும்" என்று எல்லாவற்றையும் பட்டியல் போடும். நிரப்பியவர் திகைத்துப் போவார். எனவே தனித்தனிப் பெட்டிகளைச் சோதிப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்: முறை போஸ்ட், கன்டென்ட்-லெங்த் பூஜ்யத்துக்கு மேல், ஆனால் போஸ்ட் அரேயும் ஃபைல்ஸ் அரேயும் காலி. ஜேசன் உடலோடு வரும் ரிக்வெஸ்டிலும் இரண்டும் காலியாகவே இருக்கும், ஆகவே ஃபார்ம் பக்கத்தில் மட்டும் இந்தச் சோதனையை வையுங்கள். அப்படி வந்தால் "படங்களின் அளவு அதிகம், சிறிதாக்கி அனுப்புங்கள்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

இதற்கு உறவான இன்னொன்று மேக்ஸ்-இன்புட்-வார்ஸ். இயல்பாக 1000. ஒரே பக்கத்தில் ஒரு வகுப்பு முழுவதற்கும் மதிப்பெண் பதியும் ஆசிரியர் திரையில் அறுபது மாணவர், ஆளுக்கு இருபது பெட்டி என்றால் 1200 ஆகிவிடும். 1000-க்கு மேல் உள்ளவை வந்து சேராது. கடைசி மாணவர்களின் மதிப்பெண் மட்டும் காணாமல் போகும். இங்கே ?? போட்டு பூஜ்யத்தை இயல்பு மதிப்பாக வைத்திருந்தால் அவர்களுக்குப் பூஜ்யம் பதிவாகிவிடும். கட்டாயமான விவரத்துக்கு இயல்பு மதிப்பு வைக்கவே வேண்டாம். இல்லை என்றால் நிறுத்திக் கேட்பதுதான் முறை.

வந்த அரேயை எக்ஸ்ட்ராக்ட் என்ற ஃபங்ஷனால் அப்படியே மாறிகளாக விரிப்பதையும் நிறுத்துங்கள். ஒரு காலத்தில் பிஎச்பியே ரெஜிஸ்டர்-குளோபல்ஸ் என்ற அமைப்பின் வழியாக இதைத் தானாகச் செய்தது. முகவரியில் யார் எதைச் சேர்த்தாலும் அது நிரலுக்குள் மாறியாகிவிடும். நிர்வாகியா என்று ஒரு மாறி இருந்தால் போதும் என்று எழுதப்பட்ட சோதனைகள் அப்படியே திறந்துகொண்டன. 2002-இல் வந்த 4.2-இல் அது இயல்பாக அணைக்கப்பட்டது, 2012-இல் வந்த 5.4-இல் முழுதாக நீக்கப்பட்டது. எக்ஸ்ட்ராக்ட் அதே கதவை மறுபடி திறந்துவிடும்.

உண்மையில் நேரம் எங்கே போகிறது

இஸ்செட் வேகமா, அரே-கீ-எக்ஸிஸ்ட்ஸ் வேகமா என்று அளந்து பார்ப்பதில் இளையவர்களுக்கு ஆர்வம் அதிகம். சாதாரண சர்வரில் ஒரு வினாடிக்குள் இவற்றைப் பல லட்சம் முறை ஓட்டிவிடலாம். அங்கே சேமிக்க ஒன்றும் இல்லை. இருக்கிறதா என்று கேட்கும் கேள்வியே பின்னால் பெரிய வேலையைக் கிளப்பிவிடும் இடங்களில்தான் நேரம் போகிறது.

முதல் இடம் மாடல்கள், அதாவது டேட்டாபேஸ் பதிவுகளைக் குறிக்கும் ஆப்ஜெக்டுகள். லாரவெலின் எலோக்வென்ட் மாடலில் ஒரு உறவின் (தொடர்புடைய வேறு பதிவின்) மேல் இஸ்செட் போட்டால், அந்த உறவு இன்னும் ஏற்றப்படாமல் இருந்தால், அது டேட்டாபேஸில் குவெரி ஓட்டி எடுத்துப் பார்த்துதான் விடை சொல்லும். பண்புகள் நேரடியாக இல்லாமல் மேஜிக் மெத்தடுகள் (பிஎச்பி தானாக அழைப்பவை) வழியாகக் கிடைக்கும்போது இஸ்செட் அந்த மெத்தடை அழைக்கிறது, அதற்குள் என்ன நடக்கும் என்பது எழுதியவர் கையில். 200 விண்ணப்பங்களைப் பட்டியலிடும் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் "விடுதி ஒதுக்கீடு இருக்கிறதா" என்று இப்படிக் கேட்டால் 200 குவெரி ஓடும். உறவை முன்கூட்டியே வித் (with) என்ற மெத்தட் போட்டு ஒரே குவெரியில் ஏற்றிவிடுங்கள். ஏற்றப்பட்டதா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் ரிலேஷன்-லோடட் என்ற மெத்தட் இருக்கிறது, அது குவெரி ஓட்டாது.

இரண்டாவது இடம் இன்-அரே. ஒரு பதிவு எண் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க அது முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டு போகும். ஒருமுறை என்றால் பரவாயில்லை. 5000 எண்கள் உள்ள பட்டியலில், 5000 முறை சுற்றும் சுற்றுக்குள் அதை வைத்தால் கோடிக்கணக்கான ஒப்பீடுகள் ஆகிவிடும். சுற்றுக்கு வெளியே அரே-ஃபிளிப் போட்டு எண்களைக் கீயாக மாற்றிக்கொண்டு, உள்ளே இஸ்செட் போடுங்கள். கீயைத் தேடுவது ஹேஷ் வழியாக நேராகப் போய் எடுப்பது, பட்டியல் நீண்டாலும் நேரம் ஏறாது. அரே-கீஸ் எடுத்து அதற்குள் இன்-அரே போட்டுத் தேடுவதையும் பார்த்திருக்கிறேன். அது நேரான வழியைச் சுற்றுவழியாக்குவது.

கிளாஸ்-எக்ஸிஸ்ட்ஸும் கவனம் தேவைப்படுவது. கிளாஸ் ஏற்கெனவே இல்லாவிட்டால் கிளாஸைத் தானாக ஏற்றும் ஆட்டோலோடரைக் கூப்பிட்டு ஃபைலைத் தேடச் சொல்லும். தேட வேண்டாம் என்றால் இரண்டாவது மதிப்பாகப் பொய் என்று கொடுங்கள்.

தமிழைக் கீயாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. 'கோயம்புத்தூர்' என்ற சொல்லில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால்குறியும் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைட்டுகள் வேறு. மாவட்டப் பட்டியலில் கீ கண்ணெதிரே இருக்கும், இஸ்செட் இல்லை என்று சொல்லும். வெவ்வேறு கீபோர்டுகளிலிருந்தும் பழைய எக்செல் ஃபைல்களிலிருந்தும் பெயர்கள் வந்து சேரும் பயன்பாட்டில் இது நடக்கக்கூடியது. இன்ட்ல் நீட்சியில் உள்ள நார்மலைசர் கொண்டு வாசலிலேயே என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். முடிந்தால் மாவட்டத்துக்கு எண் குறியீடு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பிரௌசர் பக்கம், சுருக்கமாக

ஜாவாஸ்கிரிப்டில் அறிவிக்காத மாறியைப் படித்தால் ரெஃபரன்ஸ்-எரர் வரும், டைப்-ஆஃப் போட்டால் வராது. லெட், கான்ஸ்ட் கொண்டு கீழே அறிவித்த மாறியை மேலே டைப்-ஆஃப் போட்டாலும் எரர்தான். 2020 தரநிலையிலிருந்து ?. குறியும் ?? குறியும் இருக்கின்றன. || போட்டு இயல்பு மதிப்பு வைக்கும் பழைய பழக்கம் பூஜ்யத்தையும் காலிச் சரத்தையும் விழுங்கிவிடும், ?? விழுங்காது.

சர்வரோடு சேரும் இடத்தில் ஒன்று முக்கியம். ஆப்ஜெக்டை ஜேசனாக மாற்றும்போது 'அன்டிஃபைண்டு' மதிப்புள்ள கீகள் விடுபட்டுப் போகும், 'நல்' மதிப்புள்ளவை அப்படியே போகும். கைபேசி எண்ணை நீக்கும் மேலே சொன்ன நிலையில், திரையை எழுதுபவர் எதை வைக்கிறார் என்பதைப் பொறுத்து சர்வரில் "தொடாதே" என்றோ "நீக்கு" என்றோ பொருளாகும். இரண்டு பக்கமும் எழுதுபவர்கள் இதைப் பேசி, ஏபிஐ ஆவணத்தில் ஒரு வரியாக எழுதிவைக்க வேண்டும்.

பழைய நிரலில் எங்கிருந்து தொடங்குவது

மொத்தத்தையும் ஒரே மூச்சில் மாற்ற முயல வேண்டாம். சோதனைச் சர்வரில் எல்லா வார்னிங்கையும் லாக்கில் எழுதச் செய்யுங்கள். அதிகமாக வரும் வார்னிங் எந்த ஃபைலில் என்று பார்த்து, அந்த ஃபைலுக்கு உள்ளீடு வரும் இடத்தில் வாசல் ஃபங்ஷனை எழுதுங்கள். அப்புறம் @ குறிகளை எடுங்கள். பிஎச்பிஸ்டான் போன்ற, நிரலை இயக்காமலே பரிசோதிக்கும் கருவியை ஓட்டினால், இல்லாமல் போகக்கூடிய மாறிகளையும் சொல்லும், எப்போதும் இருக்கும் விவரத்துக்குத் தேவையில்லாமல் போட்ட இஸ்செட்டையும் காட்டும். வகைகள் எழுதியிருந்தால்தான் இரண்டாவது வேலையை அது நன்றாகச் செய்யும்.

வாசல் ஃபங்ஷன் எழுதி முடித்ததும் ஒவ்வொரு பெட்டிக்கும் டெஸ்ட் எழுதுங்கள். கீ இல்லாமல் ஒன்று, காலிச் சரத்தோடு ஒன்று, ஒரே ஒரு இடைவெளியோடு ஒன்று, '0' கொடுத்து ஒன்று, பெயருக்குப் பின்னால் [] சேர்த்து அரேயாக ஒன்று. ஜேசன் ஏபிஐ என்றால் 'நல்' கொடுத்தும் ஒன்று. எந்த உள்ளீட்டுக்கு என்ன விடை வர வேண்டும் என்பதை நிரலைப் பார்த்து எழுதாதீர்கள். சேர்க்கைப் பிரிவில் விண்ணப்பத்தைக் கையில் வாங்கிச் சரிபார்ப்பவரிடம் கேட்டு எழுதுங்கள். தலைப்பெழுத்து இல்லாத பெயர் செல்லுமா, உடன்பிறந்தோர் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் 0 என்று எடுக்கலாமா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.